வாதம் வந்த தோளில் ஊசி குத்திக்கொள்ளும் முன்

பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்த என் தந்தைக்கு, மூன்றாவது மாதத்தில் இடது தோளில் கடும் வலி தொடங்கியது. சட்டை மாற்றும்போதும் படுக்கையில் புரளும்போதும் அவர் பல்லைக் கடித்துக்கொள்வதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், டிரை நீட்லிங் என்னும் உலர் ஊசிச் சிகிச்சை அளிக்கும் ஒரு மையத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன். அங்கே நடந்ததை, இதே நிலையில் உள்ள குடும்பங்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இச்சிகிச்சையில் மருந்து எதுவும் செலுத்தப்படுவதில்லை. துளையற்ற மெல்லிய ஊசியைத் தசையில் இறுகிக் கிடக்கும் புள்ளிக்குள் செலுத்தி, அந்தத் தசை ஒருமுறை துடித்துத் தளரும்படி செய்கிறார்கள். தேர்ந்த கைகளில், தகுந்த நோயாளிக்கு, இது சில காலம் வலியைக் குறைப்பதுண்டு. ஆகவே என் குறை ஊசியின் மீதன்று. வலி எதனால் வருகிறது என்று பார்க்காமலேயே, பன்னிரண்டு அமர்வுகளில் தோள் முழுமையாகக் குணமாகிவிடும் என்று உறுதி கூறி, அத்தனைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டதையே ஏமாற்று என்கிறேன்.

வாதத்துக்குப் பின் தோள் வலிப்பதற்குக் காரணம் ஒன்றல்ல. தாங்கிப் பிடிக்கும் தசைகள் வலுவிழந்ததால் கையின் எடையே மேற்கை எலும்பைக் குழியிலிருந்து கீழே இழுத்திருக்கலாம், தசைகள் விறைத்து மூட்டை உள்நோக்கித் திருப்பியிருக்கலாம், மூட்டுறை இறுகியிருக்கலாம், தசைநார் கிழிந்திருக்கலாம். மூளையில் ஏற்பட்ட பாதிப்பே வலியாக உணரப்படுவதும் உண்டு. கையும் விரல்களும் வீங்கி, சூடேறி, நிறம் மாறினால் அது தாமதிக்காமல் கவனிக்க வேண்டிய வேறொரு கோளாறு. எங்களுக்குச் சிகிச்சை அளித்தவர் இவற்றில் எதையும் சோதிக்கவில்லை. தோளை இரண்டு இடங்களில் அழுத்திப் பார்த்து, "எல்லாம் தசை முடிச்சுதான்" என்று சொல்லிவிட்டு, அன்றே ஊசியை எடுத்துவிட்டார்.

என் தந்தைக்கு இதயத் துடிப்பு ஒழுங்கற்றிருப்பதால் வார்ஃபரின் கொடுக்கப்படுகிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் இத்தகைய மாத்திரை ஏதேனும் எடுக்கிறாரா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லியிருக்க வேண்டும். ஊசி இவ்வளவு மெல்லியதாக இருக்கிறதே என்று எண்ணிச் சொல்லாமல் விட்டதை இன்றும் நினைத்து வருந்துகிறேன். ஆயினும், கேட்க வேண்டிய கடமை ஊசியைக் கையில் எடுத்தவருடையது அல்லவா? மேலோட்டமான தசையில் இரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடித்து நிறுத்தலாம். தோள்பட்டை எலும்புக்கு அடியில் ஆழத்தில் இருக்கும் தசையை வெளியிலிருந்து அப்படி அழுத்த முடியாது. மேலும், தோளின் மேற்புறத் தசைக்குக் கீழே நுரையீரலின் உச்சி இருப்பதால், ஊசி தவறினால் மார்புக்குள் காற்று புகுந்துவிடும் அபாயம் உண்டு; மூச்சுத்திணறலும் மார்புவலியும் சில மணி நேரம் கழித்துக்கூடத் தொடங்கலாம் என்பதை, எல்லாம் முடிந்த பிறகு வேறொரு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் இரண்டு அமர்வுகளுக்குப் பிறகு ஒரு நாள், ஒன்றரை நாள் வலி குறைந்தது உண்மை. அந்த நிம்மதிதான் எங்களைத் தொடர வைத்தது. ஊசி குத்தும்போது தந்தை அசையாமல் இருந்ததைச் சிகிச்சை அளித்தவர் நல்ல அறிகுறி என்றார். இடப்பக்கம் உணர்ச்சியே பாதி மழுங்கிப்போன ஒருவர் எப்படி அசைவார்? வலி ஓர் எச்சரிக்கை என்றால், அந்த எச்சரிக்கையைத் தர இயலாத தோளில் இருமடங்கு கவனம் வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் விட அதிகக் கேடு செய்தது, ஒவ்வொரு முறையும் ஊசிக்குப் பின், "தசை தளர்ந்திருக்கும்போதே தூக்க வேண்டும்" என்று சொல்லித் தலைக்கு மேல் கட்டிய கப்பிக் கயிற்றால் அந்தக் கையை இழுத்து உயர்த்த வைத்ததுதான். கை உயரும்போது தோள்பட்டை எலும்பும் உடன் சுழல வேண்டும். வாதம் வந்தவருக்கு அது நிகழாதபோது, மேற்கை எலும்பின் தலை மேலே உள்ள எலும்பில் முட்டி, இடையிலுள்ள மென்திசுக்கள் நசுங்குகின்றன. ஆறாவது அமர்வு முடிந்த இரவில் தோளிலிருந்து முழங்கை வரை கருநீலமாகக் கன்றிப்போய், தந்தையால் கையை மடியில் வைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

மறுநாள் பார்த்த மறுவாழ்வு மருத்துவர், தந்தையை உட்கார வைத்துக் கையைத் தொங்கவிட்டு, தோள் எலும்பின் விளிம்புக்குக் கீழே விரலை வைத்தார். அங்கே ஒரு விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் இருந்தது. மூட்டு இறங்கியிருப்பதை எக்ஸ்ரேயும் காட்டியது. அவர் செய்யச் சொன்னவை எளியவை: உட்காரும்போது முன்கையைத் தலையணையில் தாங்கி வைப்பது, எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்காமல் உடலைத் தாங்கித் தூக்குவது, வலி வராத எல்லைக்குள் மட்டும் கையை அசைப்பது, விறைப்புக்குத் தனியாக மருந்து. தந்தை இப்போது இரவில் உறங்குகிறார். தோள் முழுமையாகச் சரியாகவில்லை.

யாரேனும் உங்கள் வீட்டுப் பெரியவரின் தோளில் ஊசி குத்த முன்வந்தால், மூட்டு இறங்கியிருக்கிறதா என்று சோதித்தாரா, மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாரா, எந்தத் தசையில் எதற்காகக் குத்துகிறார் என்று சொல்கிறாரா என்பதைக் கவனியுங்கள். வாதத்துக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

மீதமிருந்த ஆறு அமர்வுகளுக்கான பணத்தை அந்த மையம் திருப்பித் தரவில்லை. எந்தெந்தத் தசைகளில் எவ்வளவு ஆழத்தில் ஊசி சென்றது என்பதைப் புதிய மருத்துவர் அறிய வேண்டும் என்று கூறி, சிகிச்சைக் குறிப்பையாவது கேட்டேன். கொடுத்த தாளில் ஆறு தேதிகளும், ஒவ்வொன்றுக்கும் எதிரே "தோள் – நல்ல முன்னேற்றம்" என்ற ஒரே வரியும் இருந்தன.