பிரிக்பீல்ட்ஸ் மாடியில் ஒரு மசாஜ் கடை: இடுப்பு வலிக்காரர்கள் கவனத்துக்கு

கோலாலம்பூரில் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். மாதக் கடைசி வாரத்தில் நாற்காலியை விட்டு எழ முடியாது. எங்கள் பிரிவில் இடுப்பு வலி இல்லாத ஆளே கிடையாது. பாதிப் பேர் ஆன்லைனில் வாங்கிய இடுப்புப் பட்டையோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். முக்கியமாக அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கடை, துன் சம்பந்தன் சாலைக்குப் பின்புறம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. உடம்பு பிடித்துவிடும் எல்லோரும் பார்வையற்றவர்கள். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருப்பதால், இந்த வட்டாரத்தில் இப்படிப் பல கடைகள் உண்டு. இங்கே ஒரு மணி நேரத்துக்கு 70 ரிங்கிட். திரைச்சீலைத் தடுப்பு, தைல வாசனை, மெதுவாக ஓடும் மின்னல் எஃப்எம் வானொலி. ஆடம்பரம் எதுவும் இல்லை, ஆனால் விரிப்பு ஒவ்வொருவருக்கும் மாற்றப்படுகிறது.

எனக்குப் பிடித்துவிடும் அக்கா எடுத்தவுடன் கை வைக்கவில்லை. வலி காலுக்கு இறங்குகிறதா, தொடை இடுக்கில் மரத்துப்போகிறதா, சிறுநீரை அடக்க முடிகிறதா, எங்கேயாவது விழுந்தேனா என்று வரிசையாகக் கேட்டார். எதற்கு இவ்வளவு கேள்வி என்றேன். "அதெல்லாம் இருந்தா நான் தொடமாட்டேன்மா. நேரா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிடுவேன்" என்றார். சொன்னபடியே செய்தும் காட்டினார். நான் கூட்டிப்போன தோழிக்கு ஒரு கால் கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை. காசு வாங்காமல் அவளைத் திருப்பி அனுப்பினார். பிறகு எடுத்த ஸ்கேனில் டிஸ்க் நரம்பை அழுத்துவது தெரிந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்தக் கடையை நம்புகிறேன்.

கை வைத்த பிறகு நடந்ததும் சொல்லத்தக்கதுதான். முதுகுத்தண்டை அவர் அழுத்தவே இல்லை. அதன் இரு பக்கத் தசைகளையும், அப்புறம் பிட்டத்தின் ஆழத்தில் இருக்கும் இறுக்கத்தையும் கட்டைவிரலால் தேடிப் பிடித்தார். வலது பக்கம் வந்ததும் நிறுத்தினார். "ரெண்டு ஸ்கிரீன் வச்சு வேலை செய்றியாம்மா? பெரிசு வலது பக்கமா?" ஆமாம், அங்கேதான் இருந்தது. அதை நேர் எதிரே நகர்த்தச் சொன்னார். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் பிடிக்கப் போகவும் சொன்னார்.

மசாஜின் சுகம் எனக்கு மூன்று நாள் நிற்கும், அதற்கு மேல் இல்லை. மாதக் கணக்கில் வலி குறைந்திருப்பது எழுந்து நடப்பதாலும், மாலையில் லேக் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றி வருவதாலும்தான் என்று நினைக்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்காக வெளியிட்ட வழிகாட்டியும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. உடற்பயிற்சியும் மசாஜும் அதில் பரிந்துரைக்கப்பட்டவை. இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. பட்டைக்கு நூறு ரிங்கிட் கொடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து யோசியுங்கள்.

குறைகளும் உண்டு. மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். இடுப்பு பிடித்துக்கொண்டு வருபவர்களுக்கு இது உண்மையிலேயே கஷ்டம், கடைக்காரர் இன்னொரு கைப்பிடியாவது போட வேண்டும். பக்கத்துத் தடுப்பில் பேசுவது முழுக்கக் கேட்கும். கார் நிறுத்த இடம் தேடி அலைவதைவிட எல்ஆர்டி ரயிலிலோ மோனோரயிலிலோ வருவது நல்லது. அப்படி நடந்து வரும்போது, நடைபாதையின் புடைப்புக் கோடுகள்மேல் தயவுசெய்து நிற்காதீர்கள். அவை இங்கே வேலைக்கு வருபவர்களின் வழி.

பணமாகவும் கொடுக்கலாம், கியூஆர் வழியாகவும் கொடுக்கலாம். தொகை வந்து சேர்ந்ததை அவர்கள் கைப்பேசி வாசித்துச் சொல்லும். சனிக்கிழமை பிற்பகல் கூட்டம் அதிகம். வேலை நாளில் ஐந்தரைக்கு மேல் வருவதாக இருந்தால் காலையிலேயே போன் செய்துவிடுங்கள். பெண்களுக்குப் பிடித்துவிட அங்கே இரண்டு பேர்தான் இருக்கிறார்கள்.