மொட்டை மாடி நீராவி இன்ஜின்: வாங்கட்டுமா என்று கேட்டவருக்கு

திருப்பூர் நண்பர் ஒருவர் கடை லிங்க்கை அனுப்பி, "விலை குறைச்சிருக்காங்க, வாங்கட்டுங்களா?" என்று கேட்டார். நான் வைத்திருக்கும் அதே மாடல்தான், நிஜமாகவே நீராவியில் ஓடும் சின்ன ரயில் இன்ஜின். 45 மி.மீ. தண்டவாளம், செம்பு பாய்லர், பியூட்டேன் கேஸ் பர்னர், இரண்டு சிலிண்டர், 40 பி.எஸ்.ஐ. அழுத்தம். இதெல்லாம் அவருக்கே தெரியும். கம்பெனி பெயரை நான் எழுதப் போவதில்லை, ஏனென்றால் திட்டப் போகிறேன். அவர் கேட்ட நேரம் அப்படி. அன்று காலைதான் ஜெட்டைக் கழற்றி அசிட்டோனில் ஊறப் போட்டிருந்தேன், மறுபடியும்.

ஜெட் என்றால் கேஸ் பாய்ந்து வரும் அந்தச் சின்னப் பித்தளைத் துண்டு. அதன் துளை கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. வெளிச்சத்துக்கு எதிரே லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் துளை இருப்பதே தெரியும். மொத்த இன்ஜினும் இந்தத் துளையை நம்பித்தான் ஓடுகிறது. பாய்லர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வால்வுகளை எவ்வளவு நுணுக்கமாகச் செட் செய்திருந்தாலும், இங்கே ஒரு தூசி உட்கார்ந்தால் பிரஷர் கேஜ் முள் 20-க்கு மேல் ஏறாது. இன்ஜின் ரெண்டு அடி நகரும், பெருமூச்சு விடும், நின்றுவிடும்.

வீட்டில் பம்ப் ஸ்டவ் இருந்த காலத்தைப் பார்த்தவர்கள் யாரிடம் சொன்னாலும் "பின் போட்டுக் குத்துப்பா" என்பார்கள். குத்தவே கூடாது. ஸ்டவ் பின் அந்த நிப்பிளுக்கென்றே செய்தது. இந்தத் துளை அதைவிடச் சிறியது, பித்தளையோ மென்மையானது. கம்பி நுழைந்தால் துளை கோணலாகும், கேஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து பாயும், காற்று சரியாகக் கலக்காது. அப்புறம் சுத்தமான ஜெட்டாக இருந்தும் பிரயோஜனமில்லை. சரியான வழி இதுதான்: ஸ்பேனரால் கழற்றுங்கள், அசிட்டோனில் ஒரு ராத்திரி ஊற விடுங்கள், பிறகு கேஸ் டப்பாவின் மூக்கை ஜெட்டின் முன்பக்கம் வைத்து, கேஸ் வழக்கமாக வரும் திசைக்கு எதிராக அழுத்துங்கள். அடைப்பு வந்த வழியே வெளியே போகும். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

ஜெட் ஏன் அடைகிறது என்பதில்தான் என் கோபமே. பாதிப் பழி கேஸுக்கு. பெட்டிக்கடையில் கிடைக்கும் லைட்டர் கேஸ் எல்லாம் ஒன்றல்ல, சிலவற்றில் எண்ணெய்ப் பசை அதிகம். சோதிப்பது சுலபம். திறந்த வெளியில் முகம் பார்க்கும் கண்ணாடி மேல் கொஞ்சம் பீய்ச்சி ஆவியாக விடுங்கள். எண்ணெய்த் திட்டு தங்கினால் அந்த டப்பாவை இன்ஜின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மீதிப் பழி கம்பெனிக்கு. ஜெட்டின் மரையில் வெள்ளை டெஃப்லான் டேப்பை நுனிவரை சுற்றி அனுப்பியிருந்தார்கள். குழாய் வேலை செய்பவர்கள்கூட முதல் மரையை விட்டுவிட்டுத்தான் சுற்றுவார்கள். முதல் தடவை அடைத்தபோது உள்ளே இருந்தது தூசி அல்ல, அந்த டேப்பின் நார். இவ்வளவு விலை வாங்குகிறவர்கள் கேஸ் டேங்க்குக்கும் ஜெட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஃபில்டர் வைத்தால் என்ன? கடிதம் எழுதினேன். "சுத்தமான கேஸ் பயன்படுத்தவும்" என்று ஒரே வரியில் பதில். மரியாதையான வரிதான், அதனால் கோபம் இன்னும் ஏறியது.

உள்ளூரில் ஒரு ஜெட் செய்துவிடலாமே என்றும் பார்த்தேன். கோயம்புத்தூரில் இல்லாத லேத் பட்டறையா? பம்ப்செட் பாகங்களை மைக்ரான் கணக்கில் கடைகிற அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெளி மரை எல்லாம் போட்டுடலாங்க. ஓட்டைதான் நம்ம ட்ரில்லுக்கு அடங்காது. இதுக்கு வேற மிஷின் வேணுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்ஜினைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். காட்டினேன். பட்டறையில் அன்று கொஞ்ச நேரம் வேலை நடக்கவில்லை.

எல்லாக் கோளாறையும் ஜெட் தலையில் கட்டவும் முடியாது. ஆரம்பத்திலிருந்தே சுடர் சோகையாக இருந்தால் ஜெட். நன்றாக எரிந்து பத்து நிமிடம் கழித்து மங்கினால் கேஸ் டேங்க் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். திரவம் ஆவியாகும்போது டேங்க்கின் சூட்டை எடுத்துக்கொள்ளும், அழுத்தம் விழும். பற்றவைத்ததும் புகைப்போக்கியில் மஞ்சள் ஜ்வாலை எழுந்து ஆடினால் டேங்க்கை வழிய வழிய நிரப்பியிருக்கிறீர்கள், கேஸ் திரவமாகவே வருகிறது, கொஞ்சம் வெளியே விட்டால் சரியாகும்.

ஆனால் நம் ஊரில் டேங்க் குளிர்வதைவிடச் சூடாவதுதான் தொல்லை. பியூட்டேனின் கொதிநிலை சுமார் 0 டிகிரி. இங்கிலாந்துக் குளிரில் கேஸ் வரமாட்டேன் என்கிறது என்று டேங்க்கைச் சுற்றி வெந்நீர் ஊற்றுவார்கள். சித்திரை மதியம் என் மொட்டை மாடியில் நிலைமை தலைகீழ். கேஸ் சீறிக்கொண்டு வரும், பர்னர் ஊளையிடும், சேஃப்டி வால்வ் மூடவே மூடாது, தண்ணீர் நீராவியாகி வீணாகப் போய்க்கொண்டிருக்கும். இது சும்மா எரிச்சல் மட்டும் இல்லை. இந்த மாதிரி இன்ஜினில் கேஸ் முதலில் தீர வேண்டும், தண்ணீர் பிறகு என்றுதான் டேங்க்கையும் பாய்லரையும் அளவிட்டிருப்பார்கள், பாய்லர் வறண்டு காயக்கூடாது என்பதற்காக. வால்வ் வழியே தண்ணீர் ஓடிவிட்டால் அந்தக் கணக்கு தப்பும். அதனால் வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்கு முன் ஓட்டுகிறேன், கேஸ் வால்வைப் பாதி அளவுக்கும் குறைவாகவே திறக்கிறேன். ஆனி, ஆடியில் வேறு கதை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மாடியில் லைட்டரையே எரிய விடாது. அந்த மாதங்களில் இன்ஜின் அலமாரியில்தான்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். ஜெட் ஒழுங்காக இருக்கும் காலைகளில் இதை அடிக்க ஆள் இல்லை. பற்றவைத்ததும் சுடர் "பப்" என்று உள்ளே போய் பர்னரில் உட்காரும். ஐந்தாறு நிமிடத்தில் 40. முதலில் இன்ஜினை முன்னும் பின்னுமாகக் கையால் தள்ளி, சிலிண்டரில் தேங்கிய தண்ணீரை வெளியேற்ற வேண்டும், புகைப்போக்கி வெந்நீர் துப்பும். அதன்பிறகு சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டரை மயிரிழை திறந்தால் நாலு பெட்டிகளை இழுத்துக்கொண்டு, மனிதன் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக, ஒவ்வொரு மூச்சும் தனித்தனியாகக் கேட்க, வளைவு திரும்பி வரும். மின்சார மாடல்கள் என்னிடம் உண்டு, ஒன்றுகூட இப்படி வளைவில் மூச்சு வாங்காது, நேர்ப் பாதைக்கு வந்ததும் வேகம் பிடிக்காது. பாய்லரில் ஒரு கசிவு இல்லை. சிலிண்டர் தேயவில்லை. சேஃப்டி வால்வ் இன்றும் சொன்ன அழுத்தத்தில் திறந்து சுத்தமாக மூடுகிறது, ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் ஒன்று மாற்றியதோடு சரி. புகைப்பெட்டிப் பெயின்ட் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, அது சூட்டின் இயல்பு.

சிலிண்டர் தேயாததற்கு பாதிக் காரணம் ஸ்டீம் ஆயில். நீராவி எண்ணெய்க் கிண்ணத்துக்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும், அந்த இடத்துக்கு எண்ணெய் மேலே தள்ளப்பட்டு நீராவியோடு சிலிண்டருக்குப் போகும். பம்ப் இல்லை, திரி இல்லை. ஓட்டி முடித்ததும் அடியிலிருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். எண்ணெய் 460 கிரேடு சிலிண்டர் ஆயில். "அதே கிரேடு கியர் ஆயில் இருக்குதுங்க" என்று கடையில் எடுத்துத் தருவார்கள். ஈ.பி. (அதிக அழுத்தம் தாங்குவதற்கான ரசாயனம்) சேர்த்த கியர் ஆயிலில் உள்ள கந்தகம் சூட்டில் வெண்கலத்தை அரிக்கும், வேண்டாம். தையல் மிஷின் எண்ணெய் வெளியே ராடுகளுக்கும் அச்சுகளுக்கும் மட்டும். மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயில் கிளம்புவதற்கு முன் எக்ஸ் கிளாஸ் இன்ஜினைச் சுற்றி எண்ணெய் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு நாலு சிலிண்டர், எனக்கு இரண்டு, சடங்கு ஒன்றேதான்.

தண்ணீருக்கு பேட்டரி கடையில் டிஸ்டில்ட் வாட்டர். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் பாய்லருக்கு அதுகூட வேண்டாம், படிவு படியும். பழைய இன்ஜின் வாங்குவதானால் பாய்லரைத் தண்ணீர் நிரப்பி 60 பி.எஸ்.ஐ. வரை கைப்பம்ப்பில் ஏற்றிச் சோதியுங்கள். காற்றடித்துச் சோதிக்கவே கூடாது, தண்ணீரில் பிளந்தால் ஒழுகும், காற்றில் பிளந்தால் வெடிக்கும். பம்ப்செட் ஊரில் இந்தச் சோதனைக்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பருக்கு நான் அனுப்பிய பதில்: வாங்காதீங்க. பாய்லர் தங்கம், ஓட்டம் தங்கம், தெரியும். ஆனால் விலையைக் குறைத்தார்களே தவிர அந்த ஃபில்டரை இன்னும் வைக்கவில்லை. கடைப் பக்கத்தில் இருக்கும் பாகங்களின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஜெட் மரையில் அதே வெள்ளை டேப், அதே நுனிவரை. அடுத்த வாரம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.

அவர் கேட்க மாட்டார், வாங்கத்தான் போகிறார். அப்படியானால் ஆர்டரோடு சேர்த்தே ரெண்டு ஸ்பேர் ஜெட்டும், கேஸ் நிரப்பும் வால்வுக்கு ஓ-ரிங்கும் போட்டுவிடுங்கள், தனியாக வரவழைத்தால் ஜெட்டைவிடத் தபால் செலவு அதிகம். என்னிடம் ஒரு ஸ்பேர் இருக்கிறது. அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.