பணம் வைக்காமல் குதிரைக்கு விலை போடுகிற நோட்டு: சில வருட அனுபவம்

பெரிய ரேஸ் நாட்களில் ஒவ்வொரு குதிரைக்கும் என் கணக்கில் ஒரு விலை போட்டு, சந்தை விலையோடு ஒத்துப் பார்க்கிற நோட்டு ஒன்றைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். பணம் கட்டுவதில்லை, எங்களுக்கு அது ஹராம். துபாயில் வேலை பார்த்தபோது தொற்றிய பழக்கம் இது. நான் இருந்த காலத்தில் மெய்தான் மைதானத்தில் புக்கியும் (விலை சொல்லிப் பந்தயம் வாங்குகிறவர்) கிடையாது, டோட்டும் (எல்லார் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற முறை) கிடையாது. இலவசச் சீட்டில் ஜெயிக்கிற குதிரைகளைக் குறித்துக் கொடுத்தால் பரிசு உண்டு, அவ்வளவுதான். அந்தச் சீட்டை நிரப்பப் போய்ப் பிடித்த கிறுக்கு, கீழக்கரைக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. துபாய் வேர்ல்ட் கப், மே முதல் சனிக்கிழமை கென்டக்கி டெர்பி, நவம்பர் முதல் செவ்வாய் மெல்போர்ன் கப் என்று வருடத்தில் சில நாள்தான் நோட்டுக்கு வேலை.

விலையைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். பழைய ஓட்டம், தூரம், தரை, ஜாக்கி, எந்த கேட்டிலிருந்து கிளம்புகிறது என்று பார்த்து, ஒவ்வொரு குதிரைக்கும் ஜெயிக்க எத்தனை சதவீதம் என்று போடுவேன். கூட்டினால் 100 வர வேண்டும். இடறுவது இங்கேதான். இது நல்ல குதிரை, 25. அதுவும் சளைத்ததில்லை, 20 என்று போட்டுக்கொண்டே போனால் பத்துக் குதிரை முடிவதற்குள் கூட்டல் 140ஐத் தாண்டி நிற்கும். அப்புறம் ரப்பரை எடுத்து ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். என் நோட்டில் ஒவ்வொரு பக்கமும் மேலே இரண்டு வரிகளில்தான் தாள் தேய்ந்து மறுபக்கம் தெரியும். ஃபேவரைட் குதிரைகளின் இடம் அது. மனசுக்குப் பிடித்த குதிரையிடமிருந்து ஐந்து சதவீதத்தைப் பிடுங்குவது அவ்வளவு கஷ்டம். இந்த நோட்டால் வந்த பலனில் பாதி அந்த ரப்பர் வேலையில்தான்.

அதற்குப் பிறகுதான் சந்தை விலை. ஒன்றுக்கு நாலு, அதாவது ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் நாலு ரூபாய் லாபம், கட்டிய ஒன்றும் திரும்ப வரும் என்றால் 20 சதவீதம், ஒன்றுக்கு ஒன்பது என்றால் 10. புக்கி போடும் விலைகளையெல்லாம் இப்படி மாற்றிக் கூட்டினால் 100 வராது, 115, 120 என்று போகும். மேலே நிற்பது அவர் பங்கு. அதையும் மீறி, விலை சொல்லும் சதவீதத்துக்கு மேலே என் கணக்கு நின்றால்தான் வேல்யூ, அதாவது கட்டினால் லாபம் தரக்கூடிய விலை. ஒன்றுக்கு ஒன்பதில் நிற்கும் குதிரைக்கு நான் 12 போட்டிருந்தால், 100 ரூபாய்க்குச் சராசரியாக 120 திரும்ப வேண்டும். 11 போட்டிருந்தால் தொடமாட்டேன். ஒரு சதவீதம்வரை என் கணக்கு சரி என்று மார்தட்ட முடியாது.

2025 துபாய் வேர்ல்ட் கப் பக்கத்தைத்தான் யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன். வழக்கமாக மார்ச் கடைசியில் வருவது, அந்த வருடம் பெருநாள் முடிந்து ஏப்ரல் 5இல் வந்தது. பிப்ரவரியில் சவூதி கப்பில் ரொமான்டிக் வாரியரைக் கழுத்தளவில் முந்திய ஜப்பான் குதிரை ஃபாரெவர் யங்தான் ஊர் முழுக்கப் பேச்சு. விலை ஒன்றுக்கு ஒன்றுக்கும் கீழே, அதாவது 50 சதவீதத்துக்கு மேல். என் நோட்டில் 42.

"காக்கா, அப்ப இது தோத்துடும்ங்கிறீங்களா?" என்றான் சாச்சா (சித்தப்பா) மகன். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்.

"தோக்கும்னு சொல்லலப்பா. சந்தை போட்ட சதவீதம் ஜாஸ்தி, அவ்வளவுதான்."

ஜெயித்தது ஹிட் ஷோ. ஃபாரெவர் யங் மூன்றாவது. அவனுக்கு ஒரே ஆச்சரியம். ஆனால் ஹிட் ஷோவுக்கு நான் போட்டிருந்தது வெறும் 2. ஜெயிக்கிற குதிரையைக் காட்டித் தருவது நோட்டின் வேலை இல்லை; எந்த விலை தப்பு என்று காட்டினால் போதும். அதே ஃபாரெவர் யங் நவம்பரில் அமெரிக்கா போய் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கை ஜெயித்தது.

2022 கென்டக்கி டெர்பியில் ரிச் ஸ்ட்ரைக் ஒன்றுக்கு எண்பதில் ஜெயித்ததை வேல்யூவுக்கு உதாரணமாகச் சொல்பவர்கள் உண்டு. முந்தின நாள் ஒரு குதிரை விலகியதால் உள்ளே வந்தது அது. முன்னால் ஓடியவை முதல் கால் மைலை 21.78 செகண்டில் ஓடிக் களைத்துப்போக, பின்னாலிருந்து வந்து தட்டிச் சென்றது. அந்த விலைக்கு அர்த்தம் ஒன்றேகால் சதவீதம். உண்மையில் அதற்கு மூன்று சதவீதம் இருந்ததா, அரை சதவீதம் இருந்ததா? ஒரே ஓட்டத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான ரேஸ்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் அன்றைக்குக் காலையில் வாட்ஸ்அப்பில் வரும் 'உறுதி' டிப்ஸை நான் திறப்பதே இல்லை. நம்ம கரையோரமே வடக்கே போனால் ஆவுடையார்கோவில். நரி பரியான கதை இந்தப் பக்கம் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். டிப்ஸ் குதிரைகளும் ராத்திரியானால் ஊளையிடப் போய்விடும்.

எங்கே நோட்டு கொஞ்சம் கைகொடுக்கிறது என்றால், பெரிய நாளின் பெரிய ரேஸில் இல்லை, அதற்கு முன்னால் நடப்பவற்றில். துபாயில் ஷீமா கிளாசிக், துபாய் டர்ஃப் போன்ற புல்தரை ரேஸ்களில் ஓடுபவை ஏற்கெனவே ஒன்றோடொன்று மோதியவையாக இருக்கும்; என் சதவீதம் அங்கே அவ்வளவாக உளறுவதில்லை. இன்னொன்று, 2016இலிருந்து ஜப்பான்காரர்கள் வெளிநாட்டுப் பெரிய ரேஸ்களுக்குத் தங்கள் நாட்டிலேயே தனிக் குளம் வைத்து, அதாவது கட்டும் பணத்தைத் தனியாகச் சேர்த்து, பந்தயம் கட்டுகிறார்கள். சொந்த நாட்டுக் குதிரை மேல் பாசம் கொட்டுவதால் அங்கே அதன் விலை சுருங்கும், ஜெயித்தால் கிடைப்பது குறையும். ஒரே குதிரை, ஒரே ஓட்டம், இரண்டு ஊரில் இரண்டு விலை. எனக்கு இதைப் பார்ப்பதுதான் ரேஸைவிட ருசி.

இதை வைத்துப் பணம் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது சரிதான். ஆனால் பந்தயத்தின் முழுத் தொகைக்கும் 2023 அக்டோபரிலிருந்து 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பரிலிருந்து 40. நான் மேலே சொன்ன அருமையான வேல்யூவில் 120 திரும்புவதற்கு, பந்தயம் 100, வரி 40. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 சட்டம் தடையே போட்டிருக்கிறது, வெளிநாட்டு ஆப் என்று யாராவது லிங்க் அனுப்பினால் அழித்துவிடுங்கள்.

நோட்டு தொடங்குகிறவர்கள் பென்சிலில் எழுதுங்கள், எக்செல் வேண்டாம். அதில் 140ஐ ஒரே தட்டில் 100 ஆக்கிவிடலாம், யாரிடமிருந்து குறைத்தோம் என்று யோசிக்கவே தோன்றாது. மெல்போர்ன் கப்பை இனி நான் எழுதப்போவதில்லை. 24 குதிரை, 3200 மீட்டர், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒவ்வொரு எடை. 2015இல் ஒன்றுக்கு நூறு விலையில் பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் ஜெயித்த ரேஸ் அது. காலை ஒன்பதரைக்கு டீயோடு சும்மா பார்த்துக்கொள்ளலாம்.