துளை போட்டா, வயிற்றைத் திறந்தா? கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு என் மார்க்

எனக்கு லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் நுழைத்து, கர்ப்பப்பையை எடுத்தார்கள், அக்காவுக்கு வயிற்றைத் திறந்து. இருவருக்கும் ஃபைப்ராய்டு (கர்ப்பப்பையில் வளரும், புற்றுநோய் அல்லாத) கட்டிதான், நிற்காத உதிரப்போக்குதான். அக்காவின் கட்டி ரொம்பப் பெரிது, பழைய சிசேரியனால் உள்ளே ஒட்டிக்கொண்டும் இருந்ததாம். அதனால் டாக்டர் அவளுக்குத் துளை போடுவது சரிவராது என்றுவிட்டார்.

வலி என்று பார்த்தால் என் ஓட்டு லேப்ராஸ்கோப்பிக்குத்தான். தொப்புளிலும் பக்கவாட்டிலும் விரல்நுனி அளவில் சில துளைகள், மறுநாளே டிஸ்சார்ஜ். அக்காவுக்கு அடிவயிற்றில் குறுக்காக அரைச்சாண் தையல். இருமல் வந்தால்கூட வயிற்றில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இருமுவாள். சிரிக்க வைத்தால் திட்டு விழும்.

ஆனால் தோள்பட்டை வலி பற்றி எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. கேமராவை உள்ளே விடுவதற்கு இடம் வேண்டுமே, அதற்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை ஏற்றி உப்ப வைக்கிறார்கள். அதில் மிச்சம் தங்குவது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. அங்கே போகும் நரம்பும் தோளுக்குப் போகும் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் வலி தோளில் தெரிகிறதாம். வெட்டியது அடிவயிற்றில், கத்தியது தோள்! நர்ஸ் மெதுவாக நடக்கச் சொன்னார். அப்புறம் தானாகவே அடங்கியது.

இந்த முறையில் எனக்குப் பிடிக்காதது, துளை சின்னது என்பதால் ஆபரேஷனும் சின்னது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொள்வதுதான். “உனக்கு லேப்ராஸ்கோப்பிதானே, எழுந்து வா” என்பார்கள். உள்ளே நடந்தது எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். கர்ப்பப்பைவாயையும் சேர்த்து எடுத்துவிட்டு, பிறப்புறுப்பின் மேல்முனையைத் தைத்து மூடுகிறார்கள். அது ஆறுவதற்கு 6 வாரமாவது கனம் தூக்கக் கூடாது, தாம்பத்திய உறவும் கூடாது. அந்தத் தையல் பிரிவது அரிதுதான், ஆனால் திறந்த முறையைவிட லேப்ராஸ்கோப்பியில் சற்று அதிகம். சிறுநீர்ப் பாதையில் காயம் படுவதும் அப்படித்தான். கையெழுத்து வாங்கிய படிவத்தில், தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்போம் என்றும் ஒரு வரி இருந்தது. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

புற்றுநோய் என்றால் கணக்கே வேறு. ஆரம்ப நிலைக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பெரிய ஆபரேஷனை இரண்டு வழியிலும் செய்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. நாலரை ஆண்டுகள் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த முறையில் 96.5 சதவீதம், துளை முறையில் 86 சதவீதம். இதைப் படித்த பிறகு, வயிற்றைத் திறப்பது பழைய பாணி என்று யாராவது சொன்னால் எரிச்சல் வருகிறது.

இன்னொரு வழியும் உண்டு. தோழிக்குக் கர்ப்பப்பை இறங்கியிருந்ததால் கீழ்வழியாகவே எடுத்துவிட்டார்கள். வயிற்றில் ஒரு தழும்புகூட இல்லை. புற்றுநோய் இல்லாதவர்களுக்கு, முடியுமென்றால் இதுதான் முதல் தேர்வு என்கிறது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு. எனக்கு அது ஒத்துவந்திருக்குமோ என்னவோ, டாக்டர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கைதேர்ந்த டாக்டர்தான், ஆனாலும் இதற்காக ஐந்துக்கு நாலுதான் போடுவேன்.