ஆர்ஸ்பேம்டி: எட்டு மாசம் ஓட்டிப் பாத்த அனுபவம்

எங்க ஆபீஸ் மெயில் சர்வர்ல, மெயில் வாங்கி அனுப்புற போஸ்ட்ஃபிக்ஸோட, ஸ்பேம் புடிக்கிற ஆர்ஸ்பேம்டிங்கற சாஃப்ட்வேர மாட்டி எட்டு மாசம் ஆச்சு, அதுக்கு முன்னாடி பல வருஷமா வார்த்தைய வெச்சு புடிக்கிற ரூல்ஸ்தான், "அர்ஜென்ட்", "பேமென்ட்"னு இருந்தா நல்ல மெயிலும் ஸ்பேம்ல விழுந்துடும், அக்கவுன்ட்ஸ் அக்கா தெனம் காலைல அந்த ஃபோல்டர தோண்டித்தான் பில் எடுப்பாங்க.

இது மொதல்ல பாக்குறது அனுப்புறவன் யாருன்னு. அந்த டொமைன் பேர்ல அனுப்ப அந்த ஐபிக்கு அனுமதி இருக்கா, அது எஸ்பிஎஃப். மெயில்ல டொமைன் போட்ட டிஜிட்டல் கையெழுத்து சரியா இருக்கா, அது டிகிம். இதுல ஒண்ணாவது ஃப்ரம்ல தெரியுற டொமைனோட ஒத்துப்போகுதா, அது டிமார்க். எல்லாத்துக்கும் பாயின்ட் உண்டு, ஏற ஏற சந்தேகம் அதிகம், டீஃபால்ட்டா 4 வந்தா க்ரேலிஸ்ட் (கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப அனுப்புன்னு சொல்லும்), 6 வந்தா ஸ்பேம்னு ஹெட்டர்ல குறி, 15 வந்தா வாசல்லயே ரிஜெக்ட்.

எனக்கு ரொம்பப் புடிச்சது, ஒவ்வொரு மெயிலுக்கும் எதுக்கு எவ்வளவு பாயின்ட்னு காட்டுற ஹிஸ்டரி பேஜ். போன மாசம் எங்க எம்டி பேர்ல, எங்க டொமைன்லயே, "இந்த அக்கவுன்ட்டுக்கு இன்னிக்கே பணம் அனுப்பிடுங்க"ன்னு ஒரு மெயில், ரெண்டே வரி, லிங்க்கும் இல்ல அட்டாச்மென்ட்டும் இல்ல. எஸ்பிஎஃப் ஃபெயில், டிகிம் இல்ல, டிமார்க் ஃபெயில்னு வரிசையா காட்டிட்டு வாசல்லயே திருப்பி அனுப்பிடுச்சு. ஆனா ஒண்ணு, டீஃபால்ட்டா டிமார்க் ஃபெயிலானா பாயின்ட் மட்டும்தான் ஏறும், ரிஜெக்ட் பண்ணச் சொல்லி நாமதான் செட் பண்ணணும், தயவுசெஞ்சு இத மறக்காதீங்க.

அடையாளம் சரியா இருக்குன்னா ஆள் நல்லவன்னு அர்த்தம் இல்ல. நேத்து டொமைன் வாங்குன ஸ்பேமரும் இந்த மூணையும் பக்காவா செட் பண்ணிட்டுத்தான் வரான். அங்கதான் ரெப்யூடேஷன் வேணும். பேர் கெட்ட ஐபி, டொமைன லிஸ்ட் போட்டு வெச்சிருக்குற ஸ்பேம்ஹாஸ் மாதிரி ஆளுங்களையும் கேக்கும், ஐபி, டொமைன் இதுவரைக்கும் நம்மகிட்ட எப்படி நடந்துக்கிச்சுன்னு ரெடிஸ்ங்கற டேட்டாபேஸ்ல கணக்கும் வெச்சுக்கும். பப்ளிக் டிஎன்எஸ் வழியா கேட்டா ஸ்பேம்ஹாஸோட இலவச லிஸ்ட் வேலை செய்யாது, சர்வர்லயே அன்பவுண்ட்ங்கற சொந்த டிஎன்எஸ் சாஃப்ட்வேர் போட்டுக்கோங்க.

ஒரு சப்ளையரோட பில் மட்டும் ரெண்டு தடவ ஸ்பேம்ல போச்சு. ஹிஸ்டரிய தொறந்தா காரணம் அப்படியே தெரியுது, அவங்க புது பில்லிங் சாஃப்ட்வேரோட சர்வர எஸ்பிஎஃப்ல சேக்கல, டிகிமும் இல்ல, அந்த ஐபியும் ஏற்கனவே பேர் கெட்டது. ஃபோன் பண்ணி சொன்னேன், மறுநாளே சரி பண்ணிட்டாங்க.

புதுசா போடுறவங்க மொத ரெண்டு வாரம் எதையும் ரிஜெக்ட் பண்ணாம ஹெட்டர் மட்டும் போட விட்டு, தெனம் சாயங்காலம் ஹிஸ்டரிய ஒரு தடவ பாத்துட்டு வாங்க.