ஸ்டேடியத்தைச் சுற்றி வரும் 'ஸ்போர்ட்ஸ் சிட்டி'யில் பங்கு வேண்டுமா என்று கேட்டு வந்தால், கொஞ்சம் நில்லுங்கள்

இதை எழுத ஒன்றரை வருடமாகத் தள்ளிப்போட்டேன். வெட்கம்தான் காரணம். பதினோரு வருடம் விளையாடிச் சேர்த்ததில் பாதிக்கு மேல் ஒரு கையெழுத்தில் போய்விட்டது என்று வெளியே சொல்ல யாருக்கு மனசு வரும்? போன வாரம் ஒரு தம்பி எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

என்னை இதில் இழுத்துவிட்டது வெளியாள் இல்லை, என் முதல் கேப்டன். இன்றும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். அவரும் ஏமாந்தவர்தான் என்று நம்புகிறேன். சரி, நம்ப ஆசைப்படுகிறேன். "டேய், முப்பத்தஞ்சு வயசோட நம்ம ஆட்டம் முடிஞ்சிடும். அப்புறம் மாசாமாசம் வாடகை வர்ற மாதிரி ஏதாவது வேணும்ல?" என்றார். முழங்காலில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்து நான் படுத்திருந்த நேரம் அது. வாடகை என்ற வார்த்தையே மருந்து மாதிரி இருந்தது.

புதிதாக ஒரு ஸ்டேடியம், அதைச் சுற்றி அடுக்குமாடி வீடுகள், ஹோட்டல், கடைத்தெரு, ஒரு ஸ்போர்ட்ஸ் மருத்துவமனை. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் தனியாக 'ஃபவுண்டர் பங்கு'. இதுதான் திட்டம்.

அவர்களுடைய அலுவலகத்தில் நுழைந்ததும் அந்தத் திட்டத்தின் மாதிரி வடிவம் ஒன்றை வைத்திருந்தார்கள், பில்லியர்ட்ஸ் மேசை அளவுக்கு. அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு சுவிட்சைத் தட்டினால் குட்டி ஃப்ளட்லைட்டுகள் எரியும். நடைபாதையில் பிளாஸ்டிக் மனிதர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு அம்மா கூட உண்டு. ஸ்டேடியத்துக்குள் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு ஸ்கோர்போர்டு. அதில் என் ஜெர்சி எண், 9. "உங்களுக்காகவே போட்டது சார்" என்றார் விற்பனைப் பிரிவு இளைஞர். முழங்கால் வலியோடு குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒப்பந்தம் நூறு பக்கத்துக்கு மேல். அதை நான் படிக்கவில்லை. அந்த 9 போதுமானதாக இருந்தது.

உதாரணம் காட்டாமலா விடுவார்கள்? அட்லாண்டா பேஸ்பால் அணியின் ஸ்டேடியத்தை ஒட்டி 'தி பேட்டரி' என்று ஒரு பகுதி இருக்கிறது. 2017இல் ஸ்டேடியத்தோடு சேர்த்தே திறந்தார்கள். நன்றாகவே ஓடுகிறது, அதில் பொய் இல்லை. அங்கே அந்த இடத்தைக் கட்டியதும் வாடகை வாங்குவதும் அணியின் நிறுவனமேதான் என்பதைத்தான் எங்களுக்குச் சொல்லவில்லை. ஸ்டேடியத்துக்கு அந்தக் கவுன்டி, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான உள்ளூர் நிர்வாகம், கிட்டத்தட்ட 30 கோடி டாலர் பொதுப்பணம் கொடுத்தது. நிறுவனம் பங்குச்சந்தையில் இருப்பதால் அதன் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பேஸ்பால் அணி ஒரு பருவத்தில் 81 ஆட்டம் சொந்த மைதானத்தில் ஆடுகிறது. எங்கள் விளையாட்டில் அது பதினைந்தைத் தாண்டாது. மிச்சம் 350 நாள் அந்தக் கடைத்தெருவுக்கு யார் வருவார்கள் என்று கேட்கத் தோன்றவே இல்லை. ஆட்டம் இல்லாத நாளில் மைதானம் எவ்வளவு காலியாகக் கிடக்கும் என்பது பயிற்சிக்குப் போன எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதை நாங்களே மறந்தோம் என்பதுதான் வேடிக்கை.

பணம் போட்டு எட்டு மாதம் கழித்து, யாரிடமும் சொல்லாமல் மனைவியோடு அந்த இடத்துக்குப் போனேன். முள்கம்பி வேலி, முட்புதர், நடுவே தகரத்தில் ஒரு காவலாளி அறை. பெரிய விளம்பரப் பலகையில் நானும் இன்னும் மூன்று வீரர்களும் கைகட்டிக்கொண்டு சிரிக்கிறோம். காவலாளிப் பெரியவர் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கதானே தம்பி அது? நிலம் இவங்களுது இல்லையே, உங்களுக்குத் தெரியாதா? போர்டு வைக்க மாச வாடகை குடுக்கறாங்க. போன ரெண்டு மாசமா அதுவும் வரலைன்னு மொதலாளி சத்தம் போட்டுட்டு இருக்காரு."

என் மனைவி எதுவும் பேசவில்லை. காரில் ஏறிய பிறகு, "பத்திரத்தைப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

வக்கீலிடம் போன பிறகுதான் ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தேன். நிலத்தை அவர்கள் வாங்கவே இல்லை. குறிப்பிட்ட தேதிக்குள் வாங்கிக்கொள்ளும் உரிமைக்கு ஒரு சிறு தொகை கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். அந்தத் தேதி ஏற்கெனவே முடிந்திருந்தது. ஸ்டேடியத்துக்கும் எந்த அணியும் கையெழுத்துப் போடவில்லை. 'பேச்சுவார்த்தையில் உள்ளது' என்று அறுபத்து சொச்சமாவது பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

லாபம் பிரிக்கும் பக்கத்தைத்தான் எல்லோரும் பார்க்கச் சொல்வேன். அதை ஒரு டிக்கெட் கவுன்டர் வரிசை என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வங்கிக் கடனும் வட்டியும். அடுத்து டெவலப்பரின் நிர்வாகக் கட்டணம். இது திட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதாமாதம் போகும். அடுத்து கட்டுமான ஒப்பந்தக்காரர், அவர் டெவலப்பரின் மைத்துனர். அதற்குப் பிறகு முன்னுரிமை பெற்ற முதலீட்டாளர்கள். கடைசியில், கவுன்டர் மூடும் நேரத்தில், ஃபவுண்டர்களான நாங்கள். பங்கை ஏழு வருடம் விற்க முடியாது. அவர்கள் கூடுதல் பணம் கேட்டால் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் நம் பங்கு கரையும். அப்படி ஒரு தடவை கேட்டபோது, முதலில் போட்டது போய்விடக்கூடாதே என்று நானும் இரண்டாவது தடவை கொடுத்தேன். நிலத்தைப் பார்க்கப் போவதற்கு மூன்று வாரம் முன்னால்.

மோசடியே இல்லாவிட்டாலும் இந்த மாதிரித் திட்டங்கள் அந்தரத்தில் தொங்குபவைதான். அரிசோனாவில் டெம்பி என்ற ஊரில் ஐஸ் ஹாக்கி அணிக்கு அரங்கும் சுற்றிலும் வீடுகளும் கட்டத் திட்டமிட்டார்கள். 2023 மே மாதம் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு வேண்டாம் என்றார்கள். அடுத்த வருடம் அணி சால்ட் லேக் சிட்டிக்குப் போய்விட்டது. ஓக்லாந்தில் துறைமுக ஓரமாக பேஸ்பால் மைதானத்தோடு 3,000 வீடுகள் என்று வருடக்கணக்காகப் பேசினார்கள். 2023இல் அணி லாஸ் வேகாஸுக்குப் போகப்போவதாக அறிவித்துவிட்டது. அணி மூட்டை கட்டிவிட்டுப் போகலாம். நிலத்தில் புதைத்த பணம் எங்கே போகும்?

பணம் போனதைக்கூட ஒரு மாதிரி விழுங்கிவிட்டேன். விழுங்க முடியாதது வேறு. கையெழுத்துப் போட்ட அன்றே இன்னொரு தாளையும் நீட்டினார்கள். என் பெயரையும் படத்தையும் பயன்படுத்திக்கொள்ள அனுமதி, கட்டணம் இல்லாமல். 'கௌரவத் தூதர்' என்று பட்டம். என்னைக் காட்டி என் அணியிலேயே நான்கு பையன்களைப் பிடித்தார்கள். ஒருவனுக்கு அதுதான் முதல் ஒப்பந்தப் பணம். என்னிடம் கேட்டபோது, "நானே போட்டிருக்கேன்டா" என்று சொன்னேன். அந்த வாக்கியத்துக்காகத்தான் என்னைப் பிடித்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. என் பணம் அவர்களுக்குச் சில்லறை.

வக்கீல் ஒரு பழைய வழக்கைக் காட்டினார். அமெரிக்காவில் ஜெஃப்ரி ரூபின் என்ற நிதி ஆலோசகர், அலபாமாவில் ஒரு சூதாட்ட விடுதித் திட்டத்தில் அமெரிக்கக் கால்பந்து (என்.எஃப்.எல்.) வீரர்களைப் பணம் போட வைத்தார். 31 வீரர்கள், ஏறக்குறைய 4 கோடி டாலர். எல்லாம் போனது. 2013இல் அவரைத் தொழிலிலிருந்து தடை செய்தார்கள். முப்பத்தியோரு பேர் தனித்தனியாக ஆராய்ந்தா போட்டிருப்பார்கள்? ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் ஒருவன் போட்டால் அடுத்தவனுக்கு அதுவே சான்றிதழ். எங்களிடம் நடந்ததும் அதுதான்.

தம்பிகளே, உங்களிடம் யாராவது வந்தால் மாதிரி வடிவத்தைப் பார்க்காதீர்கள், நிலத்தைப் போய்ப் பாருங்கள். பத்திரம் யார் பெயரில் என்று கேளுங்கள், வில்லங்கம் பாருங்கள். அணி கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல் கேளுங்கள், 'வரப்போகிறது' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உங்களை அழைத்துப் போன சீனியருக்கு கமிஷன் உண்டா என்று அவர் முகத்தைப் பார்த்தே கேளுங்கள், அவர் அண்ணனாகவே இருந்தாலும். வக்கீல் உங்கள் ஆளாக இருக்கட்டும். எங்களுக்கு அவர்களே ஒரு வக்கீலை ஏற்பாடு செய்து தந்தார்கள், ஃபீஸ் கூட வாங்கவில்லை. எவ்வளவு நல்ல மனசு!

வழக்கு நடக்கிறது. முதல் ஒப்பந்தப் பணத்தைப் போட்ட பையனுக்கு மட்டும் மாதாமாதம் என்னால் முடிந்ததைக் கொடுக்கிறேன். வேண்டாம் என்கிறான், வாங்கிக்கொள்கிறான்.

அந்தப் போட்டோவுக்கு வருகிறேன். அனுப்பியவன் வேறு ஒரு அணியில் ஆடுபவன். "அண்ணே, இந்தத் திட்டம் எப்படி? உங்களுக்கு இதுல அனுபவம் இருக்கும்ல?" என்று கீழே எழுதியிருந்தான். நிறுவனத்தின் பெயர் புதிது, ஊரும் வேறு. மாதிரி வடிவம் அதேதான். தள்ளுவண்டி அம்மா அதே இடத்தில் நிற்கிறாள். பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்கோர்போர்டில் 9 இல்லை, 17 என்று போட்டிருந்தார்கள். அவனுடைய எண்.