கொம்பியூட்டர் இன்ஜினியரிங் படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம்: ஹட்டன் பக்கத்துல இருந்து போன ஒருத்தியோட அனுபவம்

ஏஎல் (ஸ்கூல் கடைசியில எழுதுற உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் வந்தா போதும், எங்க தேயிலைத் தோட்டத்துல யாராவது ஒரு பிள்ள வீட்டுக்கு வந்து "அக்கா, கொம்பியூட்டர் இன்ஜினியரிங் போடவா"ன்னு கேக்கும். வாயால சொல்லும்போது பாதி விட்டுப் போகுது, அதான் எழுதி வைக்கிறேன். நான் 2017 ஏஎல், தமிழ் மீடியம், மெத்ஸ். மாவட்டக் கோட்டாவுலதான் பேராதனை யூனிவர்சிட்டி கெடச்சது. மெரிட்டுக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55, பின்தங்கின மாவட்டத்துக்கு 5ன்னு பிரிக்கிறாங்க, எங்க நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கின லிஸ்ட்லயும் இருக்கு. கோட்டாவுல போனேன்னு சொல்ல எனக்கு வெக்கமே இல்ல, நீங்களும் வெக்கப்படாதீங்க.

மொதல்ல ஒன்னு தெரிஞ்சுக்கோங்க, போன உடனே கொம்பியூட்டர் கிடையாது. மொத வருஷம் எல்லா இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கும் ஒரே பாடம்தான், மெத்ஸ், மெக்கானிக்ஸ், ட்ரோயிங், கரண்ட் இப்பிடி. அந்த வருஷ ரிசல்ட்ட வச்சுத்தான் டிபார்ட்மன்ட் பிரிப்பாங்க, கொம்பியூட்டருக்கு நல்லா அடிபாடு. கெம்பஸ் வந்தாச்சுன்னு மொத வருஷத்த லேசா விட்டா சிவில், மெக்கானிக்கல்னு வேற எங்கயாவதுதான் போகணும்.

படிப்போட உயிர் எதுன்னு கேட்டா கொம்பியூட்டர் உள்ளுக்குள்ள எப்பிடி வேல செய்யுதுன்னு பாக்கிற ஆர்க்கிடெக்சர் லேப்னுதான் நான் சொல்லுவேன். வெரிலொக்ல (சர்க்கிட்ட கோடா எழுதுற மொழி) நாமளே ஒரு 8 பிட் ப்ரொசசர் எழுதணும், கூட்டல் கழித்தல் பண்ற ஏஎல்யூ, எண்ண வச்சிருக்கிற எட்டு ரெஜிஸ்டர், எது எப்ப வேல செய்யணும்னு சொல்ற கன்ட்ரோல் யூனிட், அப்புறம் ப்ரோக்ராம்ல வேற எடத்துக்குத் தாவுற ஜம்ப், ப்ரான்ச், கடைசியா அடிக்கடி வேணும்கிறத பக்கத்துலயே வச்சிருக்கிற கேஷ் மெமரி. எனக்கு மூனு ராத்திரி வேவ்ஃபோம் (ஒவ்வொரு சிக்னலும் எப்பிடி மாறுதுன்னு காட்டுற படம்) முழுக்க செவப்பாவே வந்துச்சு. வெரிலொக்ல ஆரம்ப மதிப்பு குடுக்காத ரெஜிஸ்டர் 0 கிடையாது, "எக்ஸ்", அதாவது என்னன்னே தெரியாத மதிப்பு, அத எதோட கூட்டினாலும் விடையும் எக்ஸ்தான், அது அடுத்த ரெஜிஸ்டருக்குப் போய் அங்கருந்து அடுத்ததுக்குப் போய் எல்லாத்தையும் கெடுத்துரும். ரீசெட் சிக்னல் வந்தா எட்டையும் சைபர் ஆக்குன்னு ரெண்டு வரி எழுதி ரன் பண்ணேன், செவப்பு போய் பச்சையா வந்துச்சு, 5ம் 9ம் கூட்டி 14னு அது காட்டினப்போ ஹொஸ்டல் ரூம்ல தனியா உக்காந்து அழுதேன். அன்னிக்குத்தான் சி ப்ரோக்ராம் மொழில நான் எழுதுற ஒரு வரி அடியில கரண்டா எப்பிடி ஓடுதுன்னு முழுசா வெளங்குச்சு. இந்தப் படிப்பு எனக்குக் குடுத்ததுல பெருசு அதுதான், வேலையில இப்ப சர்வர் ஸ்லோன்னு வந்தா கோடுல பெழையா, மெமரியா, நெட்வேர்க்கான்னு கீழ வரைக்கும் எறங்கிப் பாக்க பயம் இல்ல.

கஷ்டம்னா கணக்கு இல்ல, இங்கிலீஷ். பதிமூனு வருஷம் தமிழ்ல படிச்சிட்டு திடீர்னு லெக்சர், பேப்பர், வைவா (வாய்ல கேக்கிற பரீட்சை) எல்லாம் இங்கிலீஷ். விடை தெரியும் வாய் வராது. மொத செமஸ்டர் முழுக்க நோட்ஸ் ஓரத்துல பென்சிலால தமிழ்ல அர்த்தம் எழுதி வச்சேன், மூனாவது செமஸ்டர்ல அது தானா கொறைஞ்சுருச்சு. அதுவரைக்கும் பொறுக்கணும்.

2020ல கொரோனா வந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. லயத்துக்குள்ள (தோட்டத்து வரிசை வீடு) சிக்னல் இல்ல, மலை மேல கோயில் பக்கத்துல கொடைய பிடிச்சிட்டு போன்ல லெக்சர் கேட்டேன், தங்கச்சி தொணைக்கு வருவா. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் கட், என் செகண்ட் ஹேண்ட் லெப்டொப் பெட்டரி நாப்பது நிமிஷம்தான் நிக்கும், கோட மொதல்ல கொப்பியில எழுதி கரண்ட் வந்த உடனே டைப் பண்ணுவேன். நாலு வருஷப் படிப்பு அஞ்சரை வருஷம் இழுத்துச்சு.

குரூப் ப்ரொஜெக்ட்டுக்கு நான் கேட்டது தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசு. அம்மா முப்பது வருஷமா கொழுந்து பறிக்கிறாங்க, நிறுக்கிற எடத்துல சாக்குக்கு, தண்ணிக்குன்னு கழிப்பாங்க, எவ்வளவு கழிச்சாங்கன்னு அம்மாவுக்குத் தெரியாது. பாரத்த கரண்ட் சிக்னலா மாத்துற லோட் செல்லு, அதோட மில்லிவோல்ட் சிக்னல 24 பிட் எண்ணா மாத்துற எச்எக்ஸ் 711 சிப்பு, ஒரு சின்ன போர்டு, கழிவு வேற நெறை வேறன்னு தனித்தனியா காட்டுற ஸ்க்ரீன். லேப்ல சரியா இருந்தது எங்க ஊர் காலைக் குளிர்ல வச்சா சும்மா இருக்கும்போதே எண்ணு நகருது, லோட் செல்லுக்கு சூடு குளிர் மாறினா சைபர் எடம் மாறும், அதனால ஒவ்வொரு சாக்குக்கு முன்னாலயும் அதுவே சைபர் பிடிக்கிற மாதிரி மாத்தினோம். அம்மா ஸ்க்ரீனப் பாத்துட்டு "இதுல கழிவு தனியா காட்டுதாம்மா"ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. தோட்டத்துல அத யாரும் வைக்கல, வீட்டுலதான் இருக்கு. அந்தக் கவலை எனக்கு இன்னும் போகல.

செலவு விஷயம். கெம்பஸ் ஃபீஸ் இல்ல, மஹாபொல ஸ்கொலர்ஷிப் மாசம் 5000 ரூபா வந்துச்சு, சாப்பாட்டுக்கே பத்தாது. கம்பெனி ட்ரெய்னிங்க்கு கொழும்புல போடிங் (வாடகை ரூம்) எடுத்தப்போதான் ரொம்ப இறுகிச்சு, அப்பா சீட்டு எடுத்துத் தந்தார். அதுக்கு இப்பவே கொஞ்சம் ஒதுக்குங்க.

அப் செய்யணும், சீக்கிரம் வேலைக்குப் போகணும்னு மட்டும் நெனைக்கிறவங்க இதப் போட வேணாம், கொம்பியூட்டர் சயன்ஸ் போங்க, கெம்பஸ் கெடைக்காட்டி கொழும்பு யூனிவர்சிட்டியோட பிஐடி (இன்ஃபர்மேஷன் டெக்னொலஜி டிகிரி) வெளிவாரியா செய்யலாம். போர்டு, வயர், கணக்கு எல்லாம் பிடிச்சிருந்தா தைரியமா இதப் போடுங்க. ரிசல்ட்டுக்கும் கெம்பஸ் தொறக்கிறதுக்கும் நடுவுல நெறைய மாசம் கெடைக்கும், அந்த நேரத்துல சி மொழில பொய்ன்டர் (மெமரி எடத்தக் காட்டுற பகுதி) வரைக்கும் படிங்க, இங்கிலீஷ் சத்தமா வாசிங்க. பென்சில்ல தமிழ் எழுதின என் நோட்ஸ் எல்லாம் வீட்டுல பெட்டியில இருக்கு, கீழ் லயத்துத் தம்பி ஒருத்தன் இப்ப மொத ரெண்டு கொப்பிய எடுத்துட்டுப் போயிருக்கான், மிச்சம் வேணும்னா வந்து கேளுங்க.